ஏரிக்கரை வீட்டின் பின்கதவு

விளக்கை அணைக்க வேண்டாம், கொஞ்சம் குறைத்தால் போதும். நம் சபரிநாதனின் தங்கை ரோஷினிக்கு நடந்தது இது. அவள் கதை கட்டுகிற ரகம் இல்லை. மருந்து கம்பெனியில் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற வேலை அவளுக்கு.

விடியலுக்கு முந்தைய இருட்டு. டிசம்பர் கடைசி. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ ஊரைத் தாண்டி ஏரிக்குப் போகிற ஒற்றைச் சாலை... இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த மரங்கள், தெருவிளக்கு கிடையாது. முந்தின நாள் பெய்த பனி டயருக்கடியில் நொறுங்குகிற சத்தம் மட்டும். ஏரியைச் சுற்றி நடக்கும் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்புக்கு அவள் முதல் தடவையாகப் பேர் கொடுத்திருந்தாள். வந்தவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு கரை என்று கொடுத்திருந்தார்கள். ரோஷினிக்கு ஜோடி, நஞ்சுண்டன் அங்கிள்.

நஞ்சுண்டன் கோயம்புத்தூர்க்காரர், ரிடையர் ஆனவர். ஏரியின் வடக்குக் கோடியிலேயே வீடு. மனைவி விசாலாக்ஷி, அக்காவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று தமிழ்ச் சங்கத்தில் சொல்வார்கள். திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை.

நல்ல துணைதான். பிளாஸ்க்கில் காபி, அவளுக்கென்று கூடுதலாக ஒரு ஜோடி கையுறை. மங்கல் வெளிச்சத்தில் மிதக்கிற வாத்துகளைக் கழுத்து வளைவை வைத்தே இன்ன வகை என்று சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் போனில் பதிந்துகொண்டே வந்தாள். ஏரி முக்கால்வாசி உறைந்து கிடந்தது. உறைந்த பரப்பு அவ்வப்போது அடியிலிருந்து... ம்ம்ம்... என்று முனகும். வாத்து எச்சமும் ஈர இலையும் கலந்த வாடை.

வடக்குக் கோடி நெருங்கியதும் அவர் நின்றார். இந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது, நான் வீட்டு ஜன்னலிலிருந்தே பார்த்துக் கணக்கை அனுப்பிவிடுகிறேன், நீ காருக்குப் போ என்றார். ரோஷினிக்கு அது சரியாகப் படவில்லை. அங்கேயிருந்துதான் பெரிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது. ஒன்றும் இருக்காது என்றால் எப்படி? நடந்தாள். அவர் பின்னால் வந்தார்.

அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய மரம். கிளை தெரியாமல் ஸ்டார்லிங்குகள் அடைந்திருந்தன... நம்மூர் மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை. கிரீச்சல், விசில். கார் அலாரம் மாதிரி ஒன்று. மைக்ரோவேவ் மாதிரி ஒன்று.

"கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் அம்மிணி," என்றார் நஞ்சுண்டன். "ஒரு வாட்டி கேட்டா வராது. தெனம் தெனம் கேட்டாத்தான் பிடிச்சுக்கும்."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் கேட்டது. இரைச்சலுக்கு நடுவில்... மெல்லிசாக... ஒரு பெண் குரல்.

"ஏனுங்க... கதவத் தொறங்க... குளுருதுங்க."

ரோஷினி பைனாகுலரைத் தூக்கினாள். தாழ்ந்த கிளையில் ஒரு பறவை. தொண்டை இறகுகள் சிலிர்த்து நின்றன. அலகு அசைந்தது. மறுபடியும் அதே வார்த்தைகள், அதே இழுப்பு. சுத்தமான கோயம்புத்தூர்ப் பேச்சு.

விசாலாக்ஷி கொல்லையில் நின்று பேசுவாள், அதைக் கேட்டுப் பழகியிருக்கும் என்றார் அவர், ரோஷினி கேட்காமலேயே. அவள் தலையாட்டினாள். உள்ளே மனசு வேறு பக்கம் ஓடியது. தினம் தினம் கேட்டால்தான் பிடிக்கும் என்றால்... இந்தக் குளிரில் ஒரு பெண்ணை எத்தனை ராத்திரி வெளியே நிறுத்தியிருக்க வேண்டும்? அந்தப் பெண் இப்போது எங்கே? சுற்றிலும் வேறு வீடு இல்லை. அவர் கொடுத்த கையுறையை மெல்லக் கழற்றிவிட்டுப் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேலே ஏதோ ஒரு நிழல் கடந்தது, பருந்தாக இருக்கலாம். கூட்டம் மொத்தமும் உஸ்ஸென்று எழும்பி ஏரிக்கு மேலே சுருண்டு போய்விட்டது. மரம் காலி. ஒரு சிறகடிப்பு இல்லை.

"ஏனுங்க... கதவத் தொறங்க..."

இந்தத் தடவை மரத்திலிருந்து இல்லை. கீழேயிருந்து. வீட்டின் பின்கதவுப் பக்கத்திலிருந்து. கூடவே டக்... டக்... என்று விரல் முட்டி மரத்தில் படுகிற சத்தம். கதவின் முன்னால் படியில் பனி மெத்தை போலக் கிடந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை.

நஞ்சுண்டன் அவள் பக்கம் திரும்பவில்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கெளம்பு அம்மிணி," என்றார் மெதுவாக.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெளிவில்லை. போலீஸைக் கூப்பிடப் போனவளைக் கணவன் இளமாறன்தான் நிறுத்தினான். முதலில் விசாலாக்ஷி ஆன்ட்டியின் நம்பருக்கு அடித்துப் பார்ப்போம் என்றான். சங்கத்து வாட்ஸப் குழுவில் நம்பர் இருந்தது. வீடியோ காலில் மணி அடித்தது. யாரும் எடுக்கப் போவதில்லை என்றுதான் இரண்டு பேருமே நினைத்தார்கள்.

எடுத்துவிட்டாள். கோயம்புத்தூர் பீளமேட்டில் அக்கா வீட்டு கிச்சன். கையில் பாதி உரித்த பூண்டு. குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ரோஷினிக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஒரு நல்ல மனுஷரைப் போய் சந்தேகப்பட்டோமே என்று. இருந்தாலும் கேட்டதைச் சொன்னாள்.

விசாலாக்ஷி பூண்டைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அது என்ற குரல் இல்ல கண்ணு. நாங்க அந்த வீடு வாங்கின மொத குளிர்லயே கேட்டுச்சு. எங்களுக்கு முன்ன அங்க இருந்தவங்க வெள்ளக்காரங்க. தமிழே தெரியாது."

அதற்குப் பயந்துதான் ஊருக்கு வந்துவிட்டீர்களா என்று கேட்டாள் ரோஷினி.

"அதுக்கு நான் பயப்படல. கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போகுதுன்னு இருந்தேன்." குரல் தாழ்ந்தது. "ஒரு நா விடிகாலைல முழிச்சுப் பாத்தா இவரு பக்கத்துல இல்ல. பின்கதவுல நெத்திய வெச்சுட்டு நிக்கறாரு. 'இரு தங்கம், இவ தூங்கட்டும்'னு சொல்றாரு... இத்தன வருசத்துல எங்கிட்ட அப்படி ஒரு வார்த்த பேசினதில்ல கண்ணு. அன்னிக்கே பெட்டியக் கட்டிட்டேன்."

அடுத்த டிசம்பரில் ரோஷினி பேர் கொடுக்கவில்லை. நஞ்சுண்டன் கொடுத்திருந்தார், அதே கரைக்கு. கணக்கெடுப்பை நடத்துகிற மாளவிகா அவருக்கு ஜோடி தேடித் தரலாமென்று போன் பண்ணியிருக்கிறாள். வேண்டாம் என்றாராம். வீட்டில் ஆள் இருக்கிறது, கூட வரும் என்றாராம். அதைத்தான் மாளவிகா சந்தோஷமாக ரோஷினியிடம் சொன்னாள், ஆன்ட்டி ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டார்கள் போல என்று. ரோஷினியோ முந்தின நாள் சாயந்திரம்தான் விசாலாக்ஷியோடு பேசியிருந்தாள், பீளமேட்டுக்கு.

"அங்கிள் பேசிட்டிருக்கும்போதே பக்கத்துல ஒரு சத்தம்," என்றாள் மாளவிகா. "யாருக்கோ குளிர்ல பல்லு தந்தியடிக்கிற மாதிரி... டடடடன்னு. ஹீட்டர் ரிப்பேரா அங்கிள்னு கேட்டேன். 'இல்லம்மா, இத்தன நாள் வெளிய நின்னுட்டு இப்பத்தான் உள்ள வந்துச்சு... போகப் போகச் சரியாயிரும்'னார்."