உப்பு நிலாவுக்கு மதிப்புரை

இல்ல, உங்க ‘உப்பு நிலா’ புத்தகம் தொலைஞ்சு போகல. இதோ மேசை மேலயே இருக்கு பாரு, தண்ணி ஜாடிக்குப் பக்கத்துல. மொதல்ல உக்காரு. அந்த நாற்காலியில இருக்கற பொட்டலத்தையெல்லாம் கீழ எறக்கி வெச்சுக்கோ, ஒண்ணும் ஆகாது. எல்லாம் இந்த மாசம் வந்த புத்தகம்தான். மரிக்கினா ஆறு பொங்கினா கீழ்வீடு முழுகிடும்னு புத்தகத்தையெல்லாம் மாடிக்கு ஏத்தினேன். இப்ப மாடியில எனக்கு எடமில்ல. காப்பி ஆறிடும், குடி. மேடம் எல்லாம் வேண்டாம், எல்லாரும் போல அத்தை மொறையில டீட்டான்னே கூப்பிடு.

நீ கேக்கறது நியாயந்தான், ஜெஸ்லின். உங்க பதிப்பகம் சின்னது, எழுதினவர் புது ஆளு. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல என் பத்தியில வந்தா, புத்தகக் கண்காட்சியில நாலு பேரு அந்தப் பேரைச் சொல்லித் தேடி வருவாங்க. வரலைன்னா பெட்டியைப் பிரிக்காமயே திருப்பி எடுத்துட்டுப் போகணும். தெரியும். படிக்காம போட்டு வெச்சிருக்கேன்னு நெனச்சியா? படிச்சாச்சு. ரெண்டு தடவ படிச்சாச்சு. எழுதத்தான் கை வரல.

நான் எப்படிப் படிப்பேன்னு கேள்விப்பட்டிருப்பே. மந்திரம், டிராகன், மாய வாளு, அதெல்லாம் இப்ப எல்லாரும் நல்லாத்தான் எழுதறாங்க. நான் அதைப் பாக்கறதில்ல. அந்த ராஜ்யத்துல யாரு பாத்திரம் தேய்க்கறாங்கன்னு பாப்பேன். முன்னாடி ஒரு தடிப் புத்தகம் வந்துது. மூணு தலைமுறையா சண்டை போடறாங்க, ஒருத்தனும் ஒரு வாய் சோறு தின்னல. இவங்கல்லாம் வயித்தோட பொறந்தவங்கதானான்னு எழுதிட்டேன். அவர் என்னை ஒரு விழாவுல பாத்து, அடுத்த பாகத்துல கஞ்சி ஊத்திடறேன் டீட்டான்னார். ஊத்தினார். நூறு பக்கத்துக்கு ஊத்தினார். இன்னொண்ணுல விண்கப்பல் வருஷக்கணக்கா போயிட்டே இருக்கு, யாருக்கும் தலைமுடி வளரல. புதுசா உலகம் கட்டறவங்க எதையாவது மறந்துடுவாங்க. மறந்தது எதுன்னு சொல்றதுதான் என் பொழப்பு.

உங்க ஆளு எதையும் மறக்கல. ரெண்டு நிலாவும் சேந்து ஏறினா கடல் எவ்வளவு தூரம் உள்ள வரும்னு யோசிச்சு, அதுக்குத் தக்கபடி வீட்டுக்கெல்லாம் கால் வெச்சிருக்கார். உப்பு ஒவ்வொரு தீவுலயும் ஒவ்வொரு நெறம். துணி காயப் போடற கயிறு எந்த நாருல திரிச்சதுங்கறதுகூட இருக்கு. நல்லா இருந்தா ஏன் எழுதலைங்கறே. சொல்றேன்.

எனக்கு அனுப்ப வேண்டாம்னு எழுதினவரே சொன்னாரா? ம். புதுசா எழுத வர்ற ஆளுங்க பயப்படறது வழக்கந்தான்னு உங்க முதலாளி சிரிச்சுட்டு அனுப்பி வெச்சுட்டாராக்கும். இல்லம்மா, கோவம் எதுவும் இல்ல. வேற ஏதாவது சொன்னாரா? இல்லையா. சரி.

அந்த உலகத்துல பிள்ளைங்க எங்கேர்ந்து வருதுன்னு கவனிச்சியா? ஆமா, சிப்பிக்குள்ளேர்ந்து. கடல் உள்வாங்கினதும் அப்பாக்கள் கூடையை எடுத்துட்டுப் போய்ப் பொறுக்கிட்டு வர்றாங்க. அழகான பக்கம் அது. அப்பா இருக்காங்க, சித்தப்பா இருக்காங்க, தாத்தா வலை பின்றார், தங்கச்சி இருக்கா, காதலி இருக்கா. அம்மா மட்டும் இல்ல. அந்தச் சொல்லே இல்ல. நம்ம ஊர்ல ஜீப்னி ஓட்டறவன் திட்டணும்னாக்கூட அம்மாவைத்தானே இழுப்பான். அங்கே அதுக்கும் நண்டைத்தான் இழுக்கறாங்க.

நீ இப்பத்தான் கவனிக்கறியா. பரவால்ல, உன்மேல தப்பில்ல. அப்படித்தான் கட்டியிருக்கு.

சரி, ஓட்டை கெடைச்சுதுன்னு பேனாவை எடுத்தேன். ஒண்ணு இல்லைன்னா, அது இருக்க வேண்டிய எடத்துல கதை நொண்டணும் இல்லையா. கதையில வர்ற பையனுக்குக் காய்ச்சல் வர்ற அத்தியாயத்துல நொண்டும்னு பாத்தேன். சித்தப்பா பக்கத்துலயே உக்காந்து நெத்தியில ஈரத்துணி மாத்திக்கிட்டே இருக்கார். நொண்டல. அவன் கப்பல் ஏறிப் போற எடத்துல நொண்டும்னு பாத்தேன். கரையில அவன் நாய் நிக்குது. அதுவே போதுமா இருக்கு. ரெண்டாந்தடவ படிச்சதே அதுக்காகத்தான். எங்கேயும் நொண்டல ஜெஸ்லின். நல்லாக் கட்டியிருக்கான்.

மறந்திருப்பானோங்கறியா? துணிக்கயிறை மறக்காதவன் இதையா மறப்பான்.

லூமுன்னு ஒருத்தி வர்றாளே, விளக்கணைஞ்சா உள்ள வந்து உக்காந்துக்கறவ. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டா, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடுவா. எந்தப் பழங்கதையிலேர்ந்து எடுத்ததுன்னு உங்க ஆபீஸ்ல தேடறாங்களா? தேட வேண்டாம்னு சொல்லு. விசாயாஸ் பக்கமும் கெடைக்காது, மிந்தனாவோ பக்கமும் கெடைக்காது. புயலடிச்சு இந்தத் தெருவுல கரண்டு போனா எம்மன் பயந்து அழுவான். அவனுக்காக நான் உண்டாக்கின பேரு அது. எம்மன், என் பையன். உங்க புத்தக அட்டையில தாலிசாய் ரோக்னு இப்ப பேரு வெச்சுக்கிட்டிருக்கான் போலிருக்கு.

ஏன் எழுந்துட்டே, உக்காரு. நான் நல்லாத்தான் இருக்கேன். அவங்கப்பா செபுவுக்குப் போறேன்னு கெளம்பினப்ப, யார்கிட்ட இருக்கேன்னு ரெண்டு பேருமா அவனையே கேட்டோம். அப்பான்னான். கொஞ்சங்கூட யோசிக்கல. கொஞ்ச நாள் போன்ல பேசிட்டிருந்தான், அந்தக் கிறிஸ்துமஸோட அதுவும் நின்னுது. அவ்வளவுதான், பெரிய கதை ஒண்ணும் இல்ல.

அதனால நான் எழுத முடியாது. தெரிஞ்சவங்க புத்தகத்துக்கு நான் எழுதறதில்ல. ஆனா புத்தகம் மூலையில கெடக்க வேண்டாம். பேப்பர்காரங்ககிட்டப் பேசிட்டேன், இந்த ஞாயித்துக்கிழமை என் எடத்துல ரொவேனா எழுதுவா. பாசிக்ல இருக்கா, கெட்டிக்காரி, என்னை மாதிரி கஞ்சியிலயே நிக்க மாட்டா. இந்தப் பிரதியை அவகிட்டக் குடுத்துடு. சிப்பிப் பக்கத்தை விட்டுடாம எழுதச் சொல்லு. அம்மா இல்லைங்கறதை அவ கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும், அதைக் குறைன்னு மட்டும் எழுத வேண்டாம். குறை இல்ல அது.

அவன்கிட்ட எதுவும் சொல்லாதே. டீட்டாவுக்கு நேரமில்லையாம்னு சொல்லிடு, நம்பிடுவான்.

மழை விடட்டும், அப்புறம் போகலாம். குடையை அங்கேயே சாய்ச்சு வை. நீங்க அட்டையில போட்டோ போடல. ஆனா நீ நேர்ல பேசியிருப்பே இல்ல அவன்கூட? போறப்ப சின்னப் பையன், அவனுக்குக் குரல்கூட உடையல. இப்ப எப்படிம்மா இருக்கு?