கைதட்டினால் எழுந்திருக்கும் ரோபோ

இந்தக் காப்பி மாநாடு நடந்த ஓட்டல் காப்பியைவிட எவ்வளவோ தேவலை. குடிக்கும்போதே நினைத்தேன், அப்போது சொல்லவில்லை. விசாரணை அறையில் காப்பியைப் புகழ்ந்தால் அதற்கும் ஏதாவது அர்த்தம் தேடுவீர்கள்.

கேட்டீர்கள், சொல்கிறேன். மில்வாக்கியில் நடந்த அந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு நான்தான் சிறப்பு விருந்தினர். கணினிப் பாதுகாப்பு என் தொழில். வங்கிகளும் மருத்துவமனைகளும் தங்கள் பூட்டு எங்கே பலவீனம் என்று என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. அப்படிப்பட்டவளை, கதாபாத்திர வேடம் போட்டு முதுகில் இறக்கை கட்டிய வங்கி ஊழியர்களும் முகத்தில் பச்சை பூசிய ஆசிரியர்களும் மேடையேற்றிப் பாராட்டினார்கள். போகட்டும், பாராட்டு பாராட்டுதான்.

என்னைக் கவனித்துக்கொள்ள வெண்டல் காட்ஃப்ரே என்பவனை விட்டிருந்தார்கள். கனத்த உடம்பு, ஓயாத பேச்சு. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"உங்களுக்கு முன்னாடி மூணு எழுத்தாளர்களைக் கூப்பிட்டோம், ரோஸ். ஒருத்தரும் வரலை. அதுவும் நல்லதாப் போச்சு, நீங்க கிடைச்சீங்க."

ரோசலின்ட் என்ற என் பெயரை யாரும் அப்படிச் சுருக்கியதில்லை. அவன் சொன்னது என்னைப் பாதிக்கவும் இல்லை. ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். கழுத்தில் மாட்டும் அட்டையில் சொந்தப் பெயர் இருக்கவேண்டியதில்லை. செவ்வாய் கிரகத்து மகாராணி என்றுகூடப் போட்டுக்கொள்ளலாம். வெண்டலின் அட்டையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான வரி இருந்தது. ஏதோ ரோபோவின் பெயர் என்று எல்லோரும் ரசித்தார்கள். அவனுக்குச் சர்க்கரை நோய். சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைத் தானாகவே உடம்பில் ஏற்றும் பழைய பம்ப் ஒன்றை இடுப்பில் மாட்டியிருந்தான். அதன் முதுகில் பொறித்திருந்த எண்தான் அது.

"நான் பாதி மெஷின், ரோஸ். அப்ப மெஷின் பேரைத்தானே போட்டுக்கணும்?"

அந்தப் பழைய ரகம் தூரத்திலிருந்தே கட்டளை வாங்கிக்கொள்ளும். எண் தெரிந்த யார் சொன்னாலும் கேட்கும். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அதைக் கழட்டிடு. அந்த நம்பர் இருந்தா உன்னைக் கொன்னுடலாம்."

"யாரு, இந்தக் கும்பலா? ஓசிச் சாப்பாட்டு ரூம்ல சிப்ஸ் தீர்ந்துபோனா வேணாக் கொல்லுவாங்க."

அன்று மாலை தொடக்க விழாவில் மைக்கைப் பிடித்து அதையே வேடிக்கையாக்கினான். "நம்ம விருந்தாளி என்னை மிரட்டுறாங்க, மக்களே. என் பேரை வச்சே என்னை முடிச்சிடலாமாம். ரோஸ், சாப்பாட்டுக்கு அப்புறமாப் பாத்துச் செய்யுங்க."

ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பிறகு தாழ்வாரத்தில் எதிரே வந்தவர்களெல்லாம் அட்டையைத் தூக்கிக் காட்டி, "என்னையும் கொல்லுங்க, ரோஸ்" என்றார்கள். என் ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவு அவர்களுக்கு அவ்வளவுதான்.

மறுநாள் மாறுவேடப் போட்டி. நான் நடுவர், முன்வரிசையில் இருக்கை. வெண்டல் வருடாவருடம் ஒரே வேடம்தான் போடுவான். அட்டைப்பெட்டி ரோபோவாக வந்து, பேட்டரி தீர்ந்து விழுவான். கூட்டம் கைதட்டினால் சார்ஜ் ஏறி எழுந்துகொள்வான். இதையும் அவனேதான் காரில் சொல்லியிருந்தான். அவன் முறை கடைசி. இன்சுலின் வேலைசெய்யக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். போட்டி தொடங்கியதுமே கைப்பையிலிருந்த சிறு கருவியால், இன்சுலினை ஒரேயடியாக ஏற்றச் சொல்லி அவன் பம்புக்குக் கட்டளை கொடுத்தேன். யார் என்றுகூட அது கேட்கவில்லை.

மேடைக்கு வந்தபோது அவனுக்கு நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. "இந்த வருஷம் என்னமாப் பண்றான் பாரு" என்றாள் பின்னால் ஒருத்தி. விழுந்தான். கைதட்டினார்கள். எழவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்கள். கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. எழுந்து நின்று விசிலடித்தார்கள். அவன் நோயாளி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்தில், தலையில் கொம்பு வைத்துக்கொண்டு, ஒரு நர்ஸ்கூட இருந்தாள். அவளும் தட்டினாள். நடுவர் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இராது. நானும் தட்டினேன்.

இன்று காலை அவன் இறந்துவிட்டான் என்றீர்கள்.

சற்றுமுன் நீங்கள் வெளியே போயிருந்தபோது என் வக்கீல் ட்ரூவாக்ஸ் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரே ஒரு வார்த்தை போதும், மேடம். சும்மா பயமுறுத்தத்தான் பாத்தேன், அளவு தப்பிப்போச்சுன்னு சொல்லிடுங்க. கொலைக்கும் அதுக்கும் பல வருஷம் வித்தியாசம்."

நல்ல மனிதர். களைத்துப்போயிருந்தார். அவர் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை.

"வேண்டாம்" என்றேன். "அளவு சரியாத்தான் இருந்துச்சு. எனக்கு முன்னாடி கூப்பிட்டாங்களே, அந்த மூணு எழுத்தாளர்கள், அவங்களால இதைப் பண்ணியிருக்க முடியாது."