டஃபி திங்காத பாக்கெட்டு

நான் ரசஞ்சோறு போடல சார். அந்தம்மா போன்ல அப்புடியா சொன்னாங்க? சொல்லுவாங்க, சொல்லுவாங்க. சோறுன்னு ஒண்ணை இந்த நாய் கண்ணால பாத்தே எட்டு மாசம் ஆவுது. நீங்க ஊசியப் போடுங்க, நான் புடிச்சுக்கிறேன். டேய் டஃபி, சும்மா இருடா. கடிக்காது சார், கடிக்க அதுக்குத் தெம்பு ஏது.

நானா? நான் அல்லி சார், சந்திரலேகா மேடம் வீட்டுல வேலை செய்றேன். வரிச்சிக்குடியிலேருந்து தெனம் கோவில்பத்துக்கு பஸ்சுல வந்து போறேன். மேடத்துக்கு ஆபீஸ்ல ஆடிட்டாம், அதான் என்னைய ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டாங்க. பழி எம்மேல விழுந்துச்சுன்னா நாளைக்கே வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. அதனால நடந்ததை அப்புடியே சொல்லிடுறேன், கேட்டுக்குங்க.

பச்சைக் கறிதான் சார் அதுக்குச் சாப்பாடு. அடுப்புலயே காட்டக் கூடாது. போன்ல எவனோ பேசுனதைப் பாத்துட்டு, ஓநாய் என்ன குக்கரா வச்சிருக்கு அல்லின்னு என்னையே கேக்குறாங்க. இது ஓநாயா சார்? தீவாளிக்கு ஒரு வெடி போட்டா கட்டிலுக்கு அடியில போயி மூத்திரம் பேயுது.

அதைச் செய்யிற லட்சணத்தைக் கேளுங்க. கோழிக் கழுத்து, ஈரல், மத்தி மீனு தலையோட, முட்டை ஓட்டோட. எல்லாத்தையும் மிக்சியில போட்டு அரைக்கணும். நான்தான் அரைக்கணும். மூடியத் தொறந்தா குபுக்குன்னு ஒரு வாடை வரும் பாருங்க, அய்யய்ய! ஞாயித்துக்கெழமை ஆட்டுக் குடலு. அதைக் கழுவவே கூடாதாம் சார்! உள்ள இருக்குற பச்சைத் தழையும் சாணியுமா அப்புடியே நறுக்கணுமாம், அதுலதான் சத்தாம். தூ, கருமம்! அதைத் தராசுல வேற வைக்கணும். அஞ்சு கிராம் ஈரல் கூடிப் போச்சுன்னா எடு எடுன்னு குதிப்பாங்க. அப்புறம் பாக்கெட்டு போட்டு, திங்கக்கெழமை காலை, திங்கக்கெழமை மாலைன்னு எழுதி ஃப்ரீசர்ல அடுக்கணும். ஐஸ்கிரீம் மேல் தட்டுல, இது கீழ் தட்டுல.

என் கைய மோந்து பாருங்க. வேணாம், வேணாம், சும்மா சொன்னேன். சோப்பு, எலுமிச்சம்பழம், புளி, எதைப் போட்டுத் தேச்சாலும் போவாது. பஸ்சுல பக்கத்துல உக்காந்த பொம்பள முந்தானையால மூக்கைப் பொத்திக்கிறா. எனக்கே கறின்னா இப்ப கொமட்டுது சார். எங்க அக்கா வீட்டு விசேசத்துல பிரியாணி போட்டாங்க, நான் வெறும் தயிர்ச்சோறு தின்னுட்டு வந்தேன்.

விசயத்துக்கு வர்றேன். போன வாரம் மழைக்கு ரெண்டு நாள் கரண்டு இல்லைல்ல? ஃப்ரீசர்லேருந்து செவப்புத் தண்ணி ஒழுவி அடுப்படி பூரா ஓடிச்சு. நான்தான் தொடச்சேன், வேற யாரு தொடைப்பா? மேடம், இதைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவோம்னேன். ஓநாய் அழுகிப் போனதையும் திங்கும் அல்லி, நீ வேலையப் பாருன்னாங்க. கரண்டு வந்துச்சு, எல்லாம் திரும்பக் கல்லாட்டம் இறுகிப் போச்சு. முந்தா நேத்து காலையில ஒரு பாக்கெட்டு, தின்னுச்சு. சாயந்தரம் இன்னொரு பாக்கெட்டு, ஈரலும் கழுத்துக் கறியும். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நேத்து விடிஞ்சு நான் போறேன், கூடம் பூரா வாந்தியும் ரத்தமுமா கெடக்கு.

பொழைச்சுக்குமா? அப்பாடா. வாயில்லாத சீவன், அது என்ன செய்யும் பாவம். கெட்டுப்போன கறியில வர்ற கிருமியா? அது பேரு என்ன சார்? சும்மா கேக்கல, பேரு தெரியணும் எனக்கு.

மனுசருக்கும் வருமா? வேவ வச்சாலும் அதோட வெசம் போவாதா? புள்ளைங்களுக்கு ரொம்ப மோசமா?

அந்தச் சாயந்தரப் பாக்கெட்டு இல்ல சார், டெஸ்ட்டு பண்ணக் கொண்டார முடியாது. தீந்து போச்சு. மேடம் அதை என்கிட்டதான் குடுத்தாங்க. டஃபி திங்க மாட்டேங்குது, வீணாப் போவுது, நீ கொண்டு போயி நல்லா வேவ வச்சு சாப்புடுன்னாங்க. எம் மவ தாமரைச்செல்வி மூணாவது படிக்குது, பத்து நாளா கறி கறின்னு உசிரை வாங்குச்சு. வாங்கிட்டுப் போயிட்டேன். வாடை அடிச்சுதுதான். அந்த வீட்டுக் கறி என்னிக்கு எனக்கு மணந்துச்சு, இதுவும் அப்புடித்தான்னு நெனைச்சுட்டேன் சார். மொளகைக் கூடப் போட்டு வறுத்துக் குடுத்தேன். எனக்குத்தான் எறங்காதே, என் பங்கையும் அதுக்கே வச்சேன். ருசியா இருக்கும்மான்னுச்சு.

நேத்துலேருந்து பெரியாஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏறுது, இன்னும் கண்ணு முழிக்கல. அக்கா பக்கத்துல இருக்கு. என்னம்மா குடுத்தேன்னு டாக்டரம்மா மூணு தடவ கேட்டாங்க, கடை புரோட்டான்னு சொல்லிட்டேன். நாய் வேணாம்னதைப் புள்ளைக்குப் போட்டேன்னு எந்த வாயால சார் சொல்லுவேன்? நாயை நானே கொண்டு போறேன்னு மேடத்துக்கிட்ட கெஞ்சித்தான் வந்தேன், உங்களைக் கேட்டுட்டுப் போவலாம்னு.

அந்தக் கிருமி பேரை எழுதிக் குடுங்க சார், ஓடிப் போயி குடுத்துடுறேன். அய்யோ, அந்தச் சீட்டுல வேணாம். மேல நாய் படம் போட்டிருக்கு. வெறும் பேப்பர்ல எழுதுங்க.