வைஃபை வழியாக வருகிறவர்கள்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் என் முன் சீட்டில் பி.ஜி. விடுதி நடத்தும் ஓர் அம்மாள். பக்கத்தில், அவரிடம் தங்கியிருக்கும் ஐ.டி. இளைஞன்.

"நீ ஆபீஸ் போனப்புறமும் ரூம்ல ஒரு டப்பா மின்னிக்கிட்டே இருக்கே, என்னப்பா அது?"

"மிச்சமாகிற நெட்டை வெப்சைட் காவலுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன், ஆன்ட்டி. கிரிப்டோ காயின் தர்றாங்க. வெப்சைட்டைத் தாக்க வர்றவங்க மொதல்ல நம்ம டப்பாவுக்குத்தான் வருவாங்க. கெட்டவங்களை அங்கேயே நிறுத்திடும்."

"யாரோட வெப்சைட்டு?"

"தெரியாது."

"வர்றவங்க யாரு?"

"அதுவும் தெரியாது, ஆன்ட்டி."

சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நின்றது. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மாள் அவன் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா ஊர்லேர்ந்து வந்தப்பக்கூட அவங்க ஆதார் ஜெராக்ஸ் வாங்கிட்டுத்தான் உள்ள விட்டேன். நீ என்னடான்னா, கெட்டவங்கன்னு தெரிஞ்சே வீட்டுக்குக் கூப்பிட்டு வெச்சிருக்கே!"