பதினெட்டு போல்ட்டுகள்

எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் போடுவதற்குப் பிப்ரவரிதான் சரியான மாதம். மழை குறைவு, பலகை சீராகக் காய்ந்திருக்கும், ஆணி இறங்கும்போது மரம் பிளக்காது. எதையும் அவசரத்தில் செய்தவனில்லை நான் என்பது உங்கள் போலீஸ் குறிப்பில் இருக்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன், சார்ஜென்ட். நாற்பத்தொரு வருடம் தச்சுவேலை பார்த்திருக்கிறேன். டனீடின் நகரத்து மேட்டுத் தெருக்களில் நான் போட்ட தளங்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்றுகூட ஆடியதில்லை.

ஐலா என் ஒரே மகள். அவளுக்குப் பதினோரு வயதில் அவள் அம்மா எங்களை விட்டுப் போனாள். அதன் பிறகு எல்லாம் நான்தான். கல்யாணத்துக்குப் பின்னும் வாரத்தில் இரண்டு நாள் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அது அவள் புருஷன் பிரைஸுக்குப் பிடிக்கவில்லை. அவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவளை அடித்ததில்லை. குடித்துவிட்டு ரகளை செய்ததில்லை. சத்தமாகச் சிரிப்பான், அவ்வளவுதான். நான் பேசும்போது டிவியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டுவான்.

ஜனவரியில் அவனுக்கு நியூசிலாந்தை விட்டு ஆஸ்திரேலியாவில், பெர்த் பக்கம் ஒரு சுரங்கத்தில் வேலை கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டுப் போவதென்று முடிவு செய்தார்கள். ஆனால் பின்பக்கத்து மரத்தளம் உளுத்துப்போயிருந்தது; வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். ஐலா என்னிடம் வந்தாள்.

"அப்பா, வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. நீங்களே போட்டுக் குடுங்க. அது முடிஞ்சாத்தான் வீடு விக்கும்."

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என்னை விட்டுப் போவதற்கான வேலையை என் கையாலேயே செய்யச் சொல்கிறாள். சரியம்மா என்றேன்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் கட்டினேன். பழசைப் பிரித்தேன், குழி தோண்டிப் புதுக் கால்களை நட்டேன். அந்த வீடு சரிவில் இருக்கிறது. வீட்டை ஒட்டி நின்றால் தரை காலடியில்தான் இருக்கும், வெளி ஓரத்துக்குப் போனால் கீழே நான்கு மீட்டர் பள்ளம், அடியில் பாறை. ஒரு நாள் பிரைஸ் பீர் பாட்டிலோடு வந்து வாசலில் சாய்ந்து நின்றான்.

"பெரியவரே, கொஞ்சம் வேகமா அடிங்க. இந்த வேகத்துல போனா நீங்க முடிக்கறதுக்குள்ள நாங்களே கிழடாயிருவோம்."

நான் அடுத்த ஆணியை எடுத்து வைத்தேன்.

"இன்னொண்ணு. அங்க உங்களுக்குன்னு ரூம் எதுவும் பாக்கல. இப்பவே சொல்லிடறேன், அப்புறம் பெட்டியத் தூக்கிட்டு வந்து நிக்காதீங்க."

"நான் எங்கே வரப்போறேன்" என்றேன்.

"நல்லது. அவளும் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

மூச்சு விடட்டுமாம். சிறுவயதில் அவளுக்கு ஆஸ்துமா. இரவெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் மூச்சை எண்ணியவன் நான். சுத்தியல் கையில் இருந்தது. அதை நான் அவன்மேல் தூக்கவில்லை. கோபத்தில் செய்கிற ஆள் இல்லை நான்.

இந்த மாதிரித் தளம் எதில் நிற்கிறது தெரியுமா? வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிற ஒரு நீளக் கட்டையில். மற்ற சட்டங்களெல்லாம் அதில்தான் தொங்குகின்றன. அது சுவரை விட்டால் கால்கள் வெளிப்பக்கம் சாய்ந்து, தளம் முழுவதும் பள்ளத்தில் போகும். அந்தக் கட்டையைச் சுவரோடு முடுக்கப் பதினெட்டு போல்ட்டுகள். நகராட்சிக் கட்டட ஆய்வாளர் வந்து பார்த்த அன்று பதினெட்டும் இருந்தன. அவர் கையால் தட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். பாவம், அவரைக் குறை சொல்லாதீர்கள். மறுநாள் ஐலாவும் பிரைஸும் வேலைக்குப் போன பிறகு பதினாறைக் கழற்றினேன். அவற்றின் தலைகளை மட்டும் அறுத்து, வாஷரோடு பழைய இடத்திலேயே பசை வைத்து ஒட்டினேன். கட்டையைப் பிடித்துக்கொள்ள ஆணிகள் அடித்தேன். கீழிருந்து பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நேர்த்தியான வேலை அது.

ஆணி பத்துப் பதினைந்து பேரைத் தாங்கும். ஒரு கூட்டத்தைத் தாங்காது. ஐலா புதுத் தளத்தில் வைத்த பிரியாவிடை விருந்துக்கு எட்டுப் பேரைத்தான் அழைத்திருந்தாள். எட்டுப் பேர் போதாது.

அதனால் மற்றவர்களுக்கு நான் போன் செய்தேன். பிரைஸின் ரக்பி கிளப் ஆட்கள் எல்லோருக்கும் சொன்னேன். மகளையும் மருமகனையும் நல்லபடியாக வழியனுப்ப வேண்டுமென்றேன். அவர்களுக்கு மனம் நெகிழ்ந்துபோனது. பக்கத்து வீட்டு நோலா ஹெண்ட்ரி, எழுபத்தொரு வயது, இடுப்பில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர், வர முடியாது என்றார். நல்ல நாற்காலி போட்டுத் தருகிறேன் என்று சொல்லி நானே கைபிடித்து அழைத்து வந்தேன். இறைச்சி சுடும் அடுப்பை வெளி ஓரத்தில் வைத்தேன். கூட்டம் எப்போதும் அடுப்பைச் சுற்றித்தான் நிற்கும்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருக்கும். நல்ல வெயில். ஐலாவை நான் சமையலறையிலேயே வைத்திருந்தேன். பாவ்லோவா கேக்குக்கு அவள்தான் கிரீம் பூச வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

"அப்பா, எல்லாரும் வெளிய இருக்காங்க. நாம ரெண்டு பேரும் இங்க என்ன பண்றோம்?"

"கிரீம் இன்னும் கெட்டியாகலம்மா."

வெளியே கிளப் ஆட்கள் பாட ஆரம்பித்தார்கள். ஒரே தாளத்தில் காலைத் தூக்கித் தரையில் மிதித்தார்கள். பிரைஸ் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கேக்கைத் தூக்கினாள். தடுக்க நேரமில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். வாசல் ஆறு தப்படி. அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வரலையா?"

"நீ போம்மா, வர்றேன்" என்றேன்.

போகாதே என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். அவள் அப்படித்தான், காரணம் சொல்லாமல் விடமாட்டாள். ஆணிகள் பிடுங்கிக்கொண்ட சத்தம் வந்தபோது நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

பிரைஸ் அங்கேயே இறந்தான். நோலா மறுநாள். கிளப் ஆட்களில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு. அவர்கள் உடம்பில் தெம்பு உள்ளவர்கள், தேறிவிடுவார்கள். ஐலாவுக்கு முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்கிறார் டாக்டர். அதைக் கேட்டு நான் அழுதேன், நர்ஸ்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஐந்து மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக் கதவுகளை அகலமாக்கினேன். அவளுடைய பழைய அறையில் கட்டிலைத் தாழ்த்தினேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகள் பொருத்தினேன். அவற்றை ஒழுங்காக முடுக்கியிருக்கிறேன், வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பாருங்கள்.

"நீ போம்மா" என்று நான் சொன்னபோது என் முகம் எப்படி இருந்தது என்பதை உங்களிடம் சொன்னதே அவள்தான் என்கிறீர்கள். இனி என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாளாம். நீங்கள் அவளிடம் காலையில் பேசியிருப்பீர்கள். சின்ன வயதிலிருந்தே காலையில் அவளுக்கு முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். மத்தியானத்துக்குள் சரியாகிவிடுவாள்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.