மூணை எட்டாக்குன காகிதம்

மொதல்ல அந்த ஆளக் கீழ இறங்கச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம். யாரா? உங்க ஆளுதான் அண்ணே. ஜன்னலுக்கு வெளிய கயிறு ஆடுது பாருங்க. மொட்டை மாடி விளிம்புல உக்காந்து முடிச்சுப் போட்டுட்டு இருக்கான். வெளிச்சுவத்து வேலைக்கு நான் இன்னும் கையெழுத்தே போடல, அதுக்குள்ள அஞ்சு மாடிக்கு மேல ஆளு. போன் போடுங்க. என் எதிர்லயே போடுங்க.

ஆச்சா? இறங்குறானா? சரி, உக்காருங்க.

நீங்க நல்லா வேலை செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டடத்துல நீங்க அடைச்ச விரிசலப் போய்ப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன். இருபது வருஷமா உங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழலன்னா சந்தோஷம். விழுற வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. கோவப்படாதீங்க, உள்ளதச் சொல்றேன்.

எனக்கு முன்னாடி இந்த ஆபீஸ்ல இருந்தவரு முகத்தப் பாத்தே வேலை குடுத்துடுவாரு. நான் காகிதத்தப் பாப்பேன். வாட்ச்மேன்ல இருந்து லிஃப்ட் மெக்கானிக் வரைக்கும் எனக்குப் பூதக்கண்ணாடின்னுதான் பேரு. தெரியும், தெரியும், நீங்களும் கீழ கேட்டுட்டுத்தான் வந்திருப்பீங்க.

இந்தாங்க, உங்க இன்சூரன்ஸ் காகிதம். ஒரிஜினல் வீட்ல இருக்கா? சரி, இருக்கட்டும். முடியுற தேதி இந்த வருஷம் எட்டாம் மாசம்னு போட்டிருக்கு. ஆரம்பத் தேதி என்ன? நீங்களே படிங்க. போன வருஷம் மூணாம் மாசம். விரல் விட்டு எண்ணிப் பாருங்க. பதினேழு மாசம் வருது. வருஷப் பாலிசிய எந்தக் கம்பெனிண்ணே பதினேழு மாசத்துக்குக் குடுக்குது?

வேர்க்குதா? தண்ணி குடிங்க.

மூணாம் மாசத்தோட முடிஞ்சு போச்சு, புதுப்பிக்கல. அதானே? அந்த எட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னும் சொல்றேன். கீழ கம்பெனி போன் நம்பர் இருக்கு பாருங்க, அத இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து, அதுலேர்ந்து வெட்டி மூணு மேல ஒட்டுனது. அதனாலதான் மத்த நம்பரவிட ஒரு சுத்து சின்னதா இருக்கு. ஒட்டின ஓரம் தெரியக் கூடாதுன்னு ரெண்டு தடவ ஜெராக்ஸ். இல்லன்னு சொல்லாதீங்க, முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியாது.

போலீஸா? அதெல்லாம் எதுக்கு. காலப் புடிக்கிற வேலையெல்லாம் வேணாம், உக்காருங்க. ஒரு வாரத்துல புதுப்பிச்சிடுவேன்னு நினைச்சிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறது. புதுப்பிச்சா கம்பெனி ஆளு வந்து கயிறு, பெல்ட் எல்லாத்தையும் இழுத்துப் பாப்பான். அதுக்குப் பயந்துதானே தள்ளிப் போட்டீங்க? அந்தக் கயிறு எத்தனை வருஷப் பழசு? சொல்ல வேணாம், எனக்கே தெரியுது.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்குறீங்க. இதுல என்ன பெரிய வித்தை? முடியுற தேதிய மட்டும் மாத்துனா மாட்டிக்குவாங்க. ஆரம்பத் தேதியையும் சேத்து மாத்தணும். நான் மாத்துனேன். அதனால நான் மாட்டல.

எங்க வீட்டுக்காரரு அப்ப இதே தொழில்தான். காகித வேலையெல்லாம் நான். ஒரு வாரம்தான்டி, ஒட்டுடின்னாரு. ஒட்டுனேன். என்னமா ஒட்டுனேன் தெரியுமா, அவரே தடவிப் பாத்துட்டுச் சிரிச்சாரு. அந்தக் கட்டடத்து ஆபீஸர் கண்ணாடியக் கழட்டி, தொடச்சு, திரும்ப மாட்டிப் பாத்தாரு. நல்ல மனுஷன், சந்தேகமே வரல அவருக்கு. அவரு மட்டும் கண்டுபிடிச்சு எங்களத் திட்டித் துரத்தியிருந்தா, மறுநாள் காலைல யாரும் ஏறியிருக்க மாட்டாங்க.

யாரா? என் தம்பிதான் ஏறுனான். நாலாவது மாடி. கயிறு அந்துடுச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சிடுச்சு.

உசுரோடதான் இருக்கான், எங்க வீட்லயே. இடுப்புக்குக் கீழ எதுவும் தெரியாது. புதுப்பிக்க மறந்துட்டோம்னு மட்டும்தான் அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கோம். என் விதி அக்கா, நீ என்ன பண்ணுவன்னு என்னையே தேத்துவான். நானும் ஆமாண்டான்னு சொல்லிட்டு சோறு ஊட்டுவேன்.