நாலாவது பக்கம்

யாகப்பன்: வேளாங்கண்ணி, பாட்டுத் தட்டைத் திருப்பிப் போடு. நாலாவது பக்கம்.

வேளாங்கண்ணி: போதுங்க. மூணு பக்கம் கேட்டதுக்கே தல சுத்துது...

யாகப்பன்: சுத்தணும்! அதான் சைக்கடெலிக் ராக்கு.

வேளாங்கண்ணி: நீங்க பெங்களூர்ல முடி வளத்துக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல உங்க கூட்டாளிங்களோட வாசிச்சது. அம்பது வருசம் கழிச்சு எதுக்குத் திரும்பப் போட்டாங்களாம்?

யாகப்பன்: அப்ப ஒத்தைத் தட்டு. இப்ப ரெட்டை. இடம் பத்தாம விட்டதையெல்லாம் சேத்திருக்காங்க. நான் கட்டுன ஒரே பாட்டு இந்தப் பக்கத்துலதான் இருக்குது.

வேளாங்கண்ணி: தக்காளிக்குத் தண்ணி கட்டணும்னீங்களே?

யாகப்பன்: தோட்டத்தாளு மாது கட்டிக்குவான்.

வேளாங்கண்ணி: கரண்டு போயிடுமுங்க...

யாகப்பன்: என்னா புள்ள, ஊசிய தூக்க விடாம கையப் புடிக்கிற?

வேளாங்கண்ணி: அந்தப் பாட்டை எதுலேர்ந்து எடுத்தாங்க?

யாகப்பன்: நாங்க வாசிச்சுப் பழகுனப்ப பதிஞ்ச கேசட்டு. உலகத்துலயே ஒண்ணுதான்.

வேளாங்கண்ணி: அது தொலைஞ்சு போச்சுல்ல?

யாகப்பன்: அப்படித்தான் நீ சொன்ன.

வேளாங்கண்ணி: கோச்சுக்கக் கூடாது. கல்யாணமான புதுசுல, மாதா பாட்டு பதியலாம்னு ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்குனேன். உள்ள இருந்தது உங்க கேசட்டுன்னு தெரியல. வாயத் தொறக்குறதுக்குள்ள ஆடு மரவள்ளியில பூந்துடுச்சு...

யாகப்பன்: அப்புறம்?

வேளாங்கண்ணி: கத்துனேன். "அய்யோ மாதாவே, ஆடு! ஆடு!"ன்னு. உங்க பாட்டுக்கு நட்ட நடுவுல.

யாகப்பன்: சிரிக்காத.

வேளாங்கண்ணி: அழுவுறேங்க! அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். நீங்க கிடார்ல கை வெக்கிறப்பல்லாம் எனக்குள்ள அந்த ஆடுதான் கத்தும். இன்னைக்கு ஊரு உலகமே கேக்கப் போவுது...

யாகப்பன்: மூக்கத் தொடைச்சுக்க. தட்டோட வந்த புத்தகத்துல கடைசிப் பக்கத்தைப் படி.

வேளாங்கண்ணி: எல்லாம் இங்கிலீசு... கிடார், யாகப்பன். அப்புறம்... குரல்... ஏங்க! என் பேரு இருக்குதுங்க!

யாகப்பன்: டிரம்மை நகத்துன அன்னைக்கே கேட்டுட்டேன். முப்பது வருசமாச்சு. நீ பூசைக்குப் போற ஞாயித்துக்கிழமையெல்லாம் எனக்குத் தலவலி வந்து வீட்டுலயே தங்குனது சும்மாவா? அதைப் போட்டுக் கேக்கத்தான். கம்பெனிக்காரன் ஆட்டை மட்டும் வெட்டிடலாம்னான். வெட்டுனா பாட்டையே தர மாட்டேன்னுட்டேன்.